குளிருக்குத் தடிக்கும் இரத்தம்

வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவம், ஓய்வூதியம் என்று கணக்கு வழக்குத்தான் கதைப்பேன். இன்றைக்கும் ஒரு பில்லில்தான் தொடங்குகிறேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு எரிவாயு பில் முந்திய வருடத்தைவிடக் குறைந்திருந்தது. கணக்காளன் அல்லவா, சந்தோஷம் தாங்காமல் இரவுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தா.

இரண்டு கிழமை கழித்து, அம்மாவின் காற்புண்ணுக்கு மருந்து கட்ட வந்த தாதி எனக்கு வேலைக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மாவின் பிரஷர் வழமையைவிடக் கூட இருக்கிறது, அறையில் வெப்பநிலை 14 பாகை, ஹீற்றர் பழுதா என்று கேட்டார். ஹீற்றர் பழுதில்லை. நாங்கள் வெளிக்கிட்டுப் போனதும் அம்மா அதை நிறுத்திவிடுவாவாம். நான் வரும் நேரம் பார்த்துத் திரும்பப் போடுவாவாம். பின்னேரம் கேட்டபோது, "ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குத் தம்பி சூடு?" என்றா. அந்த வீட்டில் பகல் முழுக்க அவதான் இருந்தா.

அதற்குப் பிறகுதான் குளிருக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடி வாசித்தேன். நான் வர்த்தகம் படித்தவன். விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள் பிழை இருந்தால் நிலையத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இரத்தம் வெறும் திரவம் அல்ல. அதில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் சிவப்பணுக்கள். ஒரு போத்தல் இரத்தத்தில் அரைப் போத்தலுக்குச் சற்றுக் குறைவாக மிதக்கும் துணிக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பெரும்பாலும் பிளாஸ்மா என்ற நீர். இப்படி நெருக்கமாகத் துணிக்கைகள் கலந்த எதுவும் தண்ணீரைப் போல ஓடாது. தக்காளிச் சோஸ் போத்தலைக் கவிழ்த்தால் விழாது, குலுக்கினால் விழும். இரத்தமும் அந்தச் சாதிதான். வேகமாக ஓடும்போது இளகும். மெதுவானால் சிவப்பணுக்கள் சில்லறைக் காசை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், தடிக்கும்.

இதற்குள் குளிர் இரண்டு வழியால் வருகிறது. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. திரவம் குளிர்ந்தால் தடிக்கும். 37 பாகையில் உள்ள தண்ணீரை 20 பாகைக்குக் கொண்டுவந்தால் அதன் பிசுக்குமை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பிளாஸ்மாவும் பெரும்பாலும் தண்ணீர்தானே. குளிரில் விறைத்த விரல் நுனியில் இது நடக்கும். (தேங்காயெண்ணெய் உறைவது வேறு கதை. அது திண்மமாகவே மாறிவிடுகிறது.) ஆனால் நெஞ்சுக்குள்ளும் மூளைக்குள்ளும் இரத்தம் 37 பாகையை விட்டு அதிகம் இறங்காது. அப்படியென்றால் பயமில்லைத்தானே என்று நானும் நினைத்தேன்.

இரண்டாவது வழிதான் விஷயம். குளிர் பட்டதும் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்தம் உள்ளுக்குத் தள்ளப்படும். உள்ளே கூடிப்போனதாக எண்ணி உடம்பு நீரை வெளியேற்றும். குளிருக்கு அடிக்கடி சிறுநீர் போவது இதனால்தான். நீர் போகும், அணுக்கள் அப்படியே நிற்கும். அடுப்பில் குழம்பு வற்றினால் காய் அப்படியே இருக்கச் சாறு குறைவதுபோல.

1984ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் கீற்றிங் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். 24 பாகையில் வீசும் காற்றில் 6 மணித்தியாலம். அவ்வளவுதான் குளிர். உடம்பின் உள் வெப்பம் 0.4 பாகைதான் இறங்கியது. சிவப்பணுக்களின் பங்கு 7 சதவீதத்தால் கூடியது. இரத்தத்தின் பிசுக்குமையோ 21 சதவீதத்தால் கூடியது. பிரஷர் சராசரியாக 126க்கு 69 ஆக இருந்தது 138க்கு 87 ஆனது.

எனக்கு அந்த 7ம் 21ம் தான் நித்திரையைக் குழப்பியது. போட்டது ஒரு பங்கு, வந்தது மூன்று பங்கு. எந்த வங்கியும் தராத வட்டி. காரணம் நெருக்கம். வெறுமையான பஸ்ஸில் மூன்று பேர் ஏறினால் யாருக்கும் தெரியாது. நிறைந்த பஸ்ஸில் மூன்று பேர் ஏறினால் ஒருவரும் அசைய முடியாது. இரத்தம் எப்போதும் நிறைந்த பஸ்தான். இங்கே குளிர்காலத்தில் மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வயது போனவர்களுக்கு ஆபத்து கூட.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வீட்டுக்குள் ஆகக் குறைந்தது 18 பாகை இருக்கவேண்டும் என்று சொன்னது. இரத்தத்தை இளக்கவென்று ஒருவரும் தாங்களாகக் குளிசை வாங்கிப் போடவேண்டாம். அது வைத்தியருடைய வேலை.

அம்மா ஏன் நிறுத்தினா என்பதும் பிறகுதான் தெரிந்தது. மிச்சம் பிடிக்கிற காசை ஊரில் இருக்கும் சித்திக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறா. குளிருக்குள் இருந்து சேமித்த காசு. அதைத்தான் நான் சாப்பாட்டு மேசையில் புகழ்ந்திருக்கிறேன்.

இப்போது சித்திக்கு அனுப்பும் காசு மாதச் செலவில் தனி வரி. எரிவாயு வேறு வரி. அம்மாவின் கதிரைக்கு நேரே சுவரில் வெப்பமானி தொங்குகிறது. நான் மத்தியானம் வேலையிலிருந்து எடுத்து, "இப்ப எத்தனை அம்மா?" என்று கேட்பேன். எந்த நாளும் 19 என்றுதான் சொல்லுவா. கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறாவோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.