வீட்டில் எழுத்தும் படிப்பும்



ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடும்பங்கள் பல இன்று தொழிற்சாலை ஷிப்டு நேரத்திற்கு எழுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டிலும் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. வருமானம் வந்தது, ஓய்வு குறைந்தது. தந்தைக்கு இரவு ஷிப்டு, தாய்க்குப் பகல் ஷிப்டு என்றிருக்கும் வீட்டில், பிள்ளை படித்ததைக் கேட்க எவருமில்லை. அங்கே எழுத்து பரீட்சைக்கு மட்டும் உரிய பொருளாகிவிடுகிறது.

புழங்காத எழுத்து மறந்துபோகும். கொரோனா நோயின் நிமித்தம் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் கற்றதை மறந்தது யாவரும் அறிந்ததே. அக்குறையை நீக்கும்பொருட்டுத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி, மாலை வேளைகளில் தன்னார்வலர்களைக் கொண்டு குடியிருப்புகளிலேயே கற்பித்தனர்.

“எங்களுக்கே படிப்பில்லையே, நாங்கள் எவ்வாறு சொல்லிக்கொடுப்பது?” என்று தாய்மார் சிலர் கேட்பதுண்டு. சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை, கேட்டால் போதும். கீரை ஆயும் பத்து நிமிஷம் பிள்ளை கதை வாசிக்கட்டும். இடையில் குற்றங் கூறாமல், “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள். அக்கேள்வியே பிள்ளையை அடுத்த பக்கத்திற்கு இழுத்துச் செல்லும். ஒரியா, ஹிந்தி பேசும் குடும்பத்தார் தத்தம் பாஷையிலேயே கேட்கலாம்.

எழுதுவதற்கும் வீட்டில் அலுவல் கொடுங்கள். மளிகைச் சாமான் ஜாபிதாவைப் பிள்ளை எழுதட்டும். ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதட்டும். விடியலில் வீடு திரும்பும் தந்தைக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும். தந்தையும் ஒரு வரியேனும் மறுமொழி எழுதவேண்டும், எழுத இயலாவிடில் ஒரு படமாவது வரையவேண்டும். மறுமொழி கிடைக்குமென்று அறிந்த பிள்ளை ஏவாமலே எழுதும்.

புத்தகம் பிள்ளையின் வயதுக்கன்று, அதன் திறமைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையார் 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுக்கப்பட்டவை. பெரிய பிள்ளையாயினும் ‘நுழை’யிலிருந்து தொடங்குவது இழிவன்று.

விலைக்கு அஞ்ச வேண்டாம். சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரும் பயன் பெறும் ஐக்கிய நாணயச் சங்க முறை 1904-ஆம் ஆண்டிலேயே காஞ்சிபுரத்தில் வேரூன்றியது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு 1931-ஆம் ஆண்டில் மாட்டுவண்டியில் புத்தகங்கள் சென்றன. ஐந்து வீட்டார் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒன்றின் விலையில் ஐந்தும் கிட்டும். யார் எதை எடுத்தார், என்று திருப்பினார் என்னும் கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும்.

வாசிக்கத் தெரிந்தும் வாசிக்கும் வழக்கமில்லாதவர், நாளை வேலை உடன்படிக்கையையும் கடன் பத்திரத்தையும் படியாமலே கையொப்பமிடுவர். அக்கையொப்பத்திற்கும் கட்டைவிரல் ரேகைக்கும் பேதமில்லை. ஆகையால், இன்று மாலையே பத்து நிமிஷம் ஒதுக்கிப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.