களைப்பை அளத்தல்

(சங்கக் கூட்டமொன்றிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



காய்ச்சலை அளக்கக் கருவியுண்டு; இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவியுண்டு. களைப்பை அளக்க யாது உண்டு? எளிய கேள்விபோலத் தோன்றும் இது, மூட்டுவாத நோயாளர் பலரின் வாழ்வோடு தொடர்புடையது. ஆதலின் இன்று இதனையே பேச எடுத்துக்கொண்டோம்.

மூட்டுவாதம் பலவகைப்படும். வயது முதிர மூட்டுத் தேய்வது ஒரு வகை. நாம் இங்கே கருதுவது அதுவன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்யும் நெடுநாள் நோய் ஒன்றுண்டு. 'றூமற்றோயிட்' வாதம் என வைத்தியர் கூறுவர். முடக்குவாதம் என்றும் வழங்கும். இஃது இளவயதினரையும் பற்றும். ஆண்களினும் பெண்களையே மிகுதியாகப் பற்றும்.

மூட்டு வீக்கம் கண்ணுக்குப் புலப்படும். இந்நோயாளரை வருத்தும் களைப்போ எவர் கண்ணுக்கும் புலப்படாது. உழைத்து வந்த களைப்பு உறங்கினால் தீரும். இது உறங்கி எழுந்த காலையிலும் தீராது. வீட்டிலுள்ளோர் இதனைச் சோம்பல் என்பர். வேலைத்தலத்தில் உள்ளோர் சாட்டு என்பர். நோயோடு அவச்சொல்லையும் சுமப்பவர் நிலை இரங்கத்தக்கதன்றோ?

வைத்திய உலகமும் இதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. மருந்துகளைச் சோதிப்பதற்கென 1990களில் வகுக்கப்பட்ட அளவைகளுள் வீங்கிய மூட்டுகளின் தொகை, வலி, இரத்தச் சோதனை முதலியன இடம்பெற்றன, களைப்பு இடம்பெறவில்லை. 'ஒமெராக்ற்' என்னும் சர்வதேச ஆராய்ச்சியாளர் மகாநாடு 2002ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிற் கூடியபோது நோயாளரும் அவையில் அமர்ந்தனர். களைப்பே தம்மைப் பெரிதும் வாட்டுவது என்பதை அவர்களே எடுத்துரைத்தனர். 2006ஆம் ஆண்டு மால்ற்றாவிற் கூடிய மகாநாடு, இயன்றவிடமெல்லாம் ஆய்வுகளிற் களைப்பும் அளக்கப்படல் வேண்டுமென ஏற்றுக்கொண்டது.

இனி, அளப்பது எங்ஙனம்? இதற்கென இரத்தச் சோதனை எதுவும் இல்லை. மூட்டழற்சி, வலி, உறக்கக் குறைவு, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகிய பலவும் கூடிக் களைப்பை விளைவிக்கின்றன. வீக்கம் வற்றிய பின்னரும் களைப்பு நிற்பதுண்டு. ஆதலின் நோயாளியைக் கேட்டறிவதே வழி.

100 மில்லிமீற்றர் நீளமான கோடொன்றை வரைந்து, ஒரு முனையிற் 'களைப்பே இல்லை' எனவும், மறுமுனையிற் 'தாங்கொணாக் களைப்பு' எனவும் எழுதி, தம் நிலையைக் குறிக்கச் செய்வது ஒரு முறை. இஃது எளிது, ஆயினும் போதாது. ஒருவருக்கு உடல் அசைய மறுக்கும். மற்றொருவருக்குச் சிந்தனை மங்கும். எடுத்த காரியம் மறக்கும். இருவரும் கோட்டில் ஒரே இடத்தைத் தொடலாம். இருவருக்கும் வேண்டும் உதவியோ வேறு.

இதனை உணர்ந்த இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரத் தாதியியல் அறிஞர் சேரா ஹியூலெற்றும் அவர்தம் குழுவினரும், நோயாளரின் சொற்களையே ஆதாரமாகக் கொண்டு 20 கேள்விகளை அமைத்து 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர். உடல், அன்றாட வாழ்வு, சிந்தனை, உணர்ச்சி என நான்கு பகுதிகளாய், கடந்த 7 நாட்களைப் பற்றி அவை வினவும்.

ஒன்று கவனிக்க. இக்கேள்விகளைத் தமிழிற் பெயர்த்தால் மட்டும் போதாது. களைப்பு, அலுப்பு, சோர்வு, அசதி என நம்மவர் வழங்குவன ஒரே பொருளன அல்ல. எச்சொல்லை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதை நோயாளரிடமே சோதித்தறிதல் வேண்டும்.

அளப்பதனாற் பயன் யாது எனச் சிலர் வினவலாம். அளவுகோல் இருந்தமையாலன்றோ சிகிச்சையின் பயனையும் காண முடிந்தது? பிரித்தானிய வைத்தியசாலைகள் ஏழில், பயிற்சி பெற்ற தாதியரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் நோயாளரைக் குழுவாகச் சேர்த்து, வேலையையும் ஓய்வையும் பங்கிடவும் எண்ணங்களை ஆராயவும் வழிகாட்டினர். களைப்பின் தாக்கம் ஓரளவு குறைந்து, இரண்டு ஆண்டுகள்வரை அப்பயன் நிலைத்ததென 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று.

இளைஞர்களே, நாம் வைத்தியர்கள் அல்லேம். ஆயினும் நம் வீட்டிலும் அயலிலும் இந்நோயுற்றோர் இருப்பர். 'இன்று களைப்பு எப்படி? எதைச் செய்ய முடியவில்லை?' என்று கேட்பதும், சொல்வதை நம்புவதும், அதற்கேற்ப வேலையிற் பங்கெடுப்பதும் நம்மால் இயலும். வைத்தியரைக் காணச் செல்லும்போது மூட்டு வலியோடு களைப்பையும் மறவாது சொல்லும்படி அவர்களைத் தூண்டுவோமாக.