வகுப்பறையில் பர்மிங்ஹாம்



நிறவெறி, போலீஸ் அதிகாரம், மக்கள் கிளர்ச்சி ஆகிய மூன்றையும் பற்றி மாணவரிடம் பேசலாமா, பேசுவதானால் எவ்வாறு பேசுவது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வம்பு, அவர்கள் பாடத்தைப் படிக்கட்டுமே என்று சொல்லுகிற பெரியோர் உண்டு. அவர்களுடைய அச்சத்தில் அன்பும் கலந்திருப்பதால் அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆயினும், 1963-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் நடந்தவற்றை ஊன்றி நோக்குவோமானால், பிள்ளைகளுக்குத் தெரியாதபடி காத்துவருவதாகப் பெரியவர்கள் எண்ணியிருக்கும் விஷயம், பிள்ளைகளுக்கு வெகு காலத்திற்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது விளங்கும்.

அந்நகரத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக அமர்ந்து சீட்டாடினாலும் பகடை உருட்டினாலும் குற்றம் என்று நகரசபைச் சட்டமே விதித்திருந்தது. இரு இனத்தாருக்கும் பூங்காக்களைத் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, அவ்வாறு திறந்துவிடுவதைவிட மூடிவிடுவதே மேல் என்று முடிவு செய்து, 1962-இல் பூங்காக்களையே இழுத்து மூடிய நகரம் அது. பூட்டிய விளையாட்டுத் திடலுக்கு வெளியே நின்ற குழந்தைக்கு நிறபேதத்தைப் பற்றி வேறு ஆசிரியர் எதற்கு?

அவ்வூர்க் கறுப்பினப் பெரியவர்கள் இந்த நிறபேதத்தை எதிர்த்து வீதிக்கு வர அஞ்சினார்கள். சிறை சென்றால் வேலை போகும், வேலை போனால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்ற நியாயமான அச்சம் அது. ஆகவே, ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் மாணவர்களைத் திரட்டி, அடித்தாலும் திருப்பி அடிக்காத அஹிம்சைப் பயிற்சியை அவர்களுக்கு அளித்தார். மே மாதம் 2-ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டுப் புறப்பட்டு, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, அங்கிருந்து அணியணியாக வெளியே வந்தார்கள். ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் வாயிற்கதவைப் பூட்டிப் பார்த்தார். மாணவர்கள் வேலி ஏறிக் குதித்துச் சென்றார்கள். அன்று மாத்திரம் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள், நகரின் பாதுகாப்பு ஆணையரான புல் கானர் என்பவர், ஆளையே தூக்கியெறியும் வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் தீயணைப்புக் குழாய்களையும், போலீஸ் நாய்களையும் அப்பிள்ளைகள்மீது ஏவினார். அக்காட்சி புகைப்படமாகவும் படச்சுருளாகவும் உலகமெங்கும் பரவியது.

ஆசிரியராகிய நமக்கு இதற்குப் பின் நடந்தது முக்கியமானது. அதே மாதத்தில் அந்நகரின் கல்விக் குழு, ஊர்வலம் போன ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கியது; மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டு அவ்வுத்தரவை நிறுத்திய பின்னரே அவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்ளுகிறோமே, அந்த வாசகத்தை இந்தச் சம்பவத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

போலீசைப் பற்றிப் பேசும்போது, கானர் என்ற ஒரு கொடிய மனிதரின் கதையாக அதைச் சுருக்கிவிடுவது எளிது. மாணவரிடம் வேறொரு கேள்வியை வைக்கலாம்: மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவராயிருந்த அந்நகரத்தில், 1966 வரையில் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர்கூட இல்லாமற்போனது ஏன்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால், சட்டத்தை இயற்றியவர் யார், அதை நடத்திவைத்தவர் யார், அதன்கீழ் அடிபட்டவர் யார் என்ற விசாரணைக்கு மாணவர் தாமாகவே வந்து சேருவர். தனிமனிதரை வெறுக்கக் கற்றுக்கொடுப்பதற்கும், ஒரு ஸ்தாபனத்தை ஆராயக் கற்றுக்கொடுப்பதற்கும் உள்ள பேதம் இங்கே தெளிவாகும்.

சட்டத்தை மீறலாமா என்ற கேள்வியும் எழும், எழத்தான் வேண்டும். 1963 ஏப்ரல் 12-ஆம் தேதி, புனித வெள்ளியன்று, கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கும் பிறரும் நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் போய்க் கைதானார்கள். அந்த ஒரே ஊர்வலத்திலிருந்து இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. தடை தவறானதாயினும் முதலில் நீதிமன்றத்தில் முறையிட்டிருக்க வேண்டுமேயன்றி மீறியிருக்கலாகாது என்று 1967-இல் தீர்ப்பாகிக் கிங் மறுபடியும் சிறை சென்றார். 1969-லோ, ஊர்வல அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்தையே பொறுத்ததாக விட்டிருந்த நகரசபை விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கூறி, அதே நீதிமன்றம் அவ்வூர்வலத்தில் சென்ற ஷட்டில்ஸ்வொர்த் என்ற போதகரின் தண்டனையை ரத்து செய்தது. இவ்விரு தீர்ப்புகளையும் மாணவர் கையில் கொடுத்து வாதிடச் சொல்லுங்கள். ஆசிரியர் தம் அபிப்பிராயத்தைச் சற்று நேரம் அடக்கிக்கொண்டிருந்தால் வகுப்பு தானே நடக்கும்.

குழந்தைகளை நாய்களுக்கு முன் நிறுத்தியது தர்மமா என்று மற்றொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் அப்போதே கண்டித்தார் என்பதையும் மறைக்கலாகாது. அதனால் விளைந்த நன்மையைச் சொல்லும்போது, 1964 ஜூலை 2-ஆம் தேதி நிறைவேறிய சிவில் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடுகிறோம், சரி. ஆனால் அதற்கு முந்திய செப்டம்பர் 15-ஆம் தேதி, பிள்ளைகள் கூடிப் புறப்பட்ட அதே தேவாலயத்தில் வெடிகுண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெற்றியை மாத்திரம் காட்டுகிற சரித்திரம் மாணவரை ஏமாற்றுவதாகும்.

நடுநிலை என்பது ஆசிரியருக்கு அழகு. ஆனால் அபிப்பிராயத்தில் காட்ட வேண்டிய நடுநிலையை நடந்த செய்தியில் காட்டுவது பிழை. 2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தபோது, உடல்நலக் கோளாறினால் ஒருவர் இறந்தார் என்றே போலீசாரின் முதல் அறிக்கை சொல்லியது. அவர் கழுத்தின்மேல் ஒரு போலீஸ் அதிகாரி ஒன்பது நிமிஷத்துக்கும் அதிகமாக அழுத்திய முழங்காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையுமில்லை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தன் கைப்பேசியில் எடுத்த படமே உண்மையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அந்த அதிகாரி கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அறிக்கையையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்து, ஓர் ஆவணம் எதைச் சொல்லுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஆராயும் பயிற்சியை விடச் சிறந்த சரித்திரப் பாடம் எது?

இது யாரோ அயலாருடைய கதையென்று நாம் ஒதுங்கியிருக்கவும் இயலாது. 1959-இல் இந்தியாவுக்கு வந்த கிங், திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் மனம் அதிர்ந்ததாகவும், தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபின் அது உண்மையே என்று தாம் ஏற்றுக்கொண்டதாகவும் கிங்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே பர்மிங்ஹாமைக் கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு மாணவன் எழுந்து, ஐயா, நம் ஊரில் எப்படி என்று கேட்பான். அவ்வாறு கேட்கவில்லையானால் பாடம் சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

அந்தக் கேள்விக்கு அஞ்சாத ஆசிரியராக, தேதியும் சட்டமும் தீர்ப்பும் பிசகாமல் அறிந்த ஆசிரியராக, முடிவை மாணவரின் நெஞ்சுக்கே விட்டுவிடும் பொறுமையுள்ள ஆசிரியராக நாம் ஆக வேண்டும். வருகின்ற கல்வியாண்டில் இரண்டே பாடவேளைகளை இதற்கு ஒதுக்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.