கல்லீரல் அறுவையும் குருதியிழப்பும்: சொல்லும் பொருளும்



மருத்துவம் நம் துறையன்று. மருத்துவர் கூறுவதைத் தாய்க்கு மகள் தமிழில் எடுத்துச் சொல்லும்போது பயன்படும் சொற்களே நம் துறை.

நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் என மூன்று உறுப்புகளை 'ஈரல்' என்னும் பெயரால் வழங்குகிறோம். அடைமொழியே அவற்றை வேறுபடுத்துகின்றது. நுரையீரலோடு ஒப்பிட்டால் 'கல்' பொருந்தும். ஆயின் அறுவை மருத்துவரின் கைக்கு அது கல்லன்று, குருதி தோய்ந்த பஞ்சு. தையலை இறுக்கினால் இழை திசுவையே அறுத்துவிடும்.

உடலில் உள்ள குருதி ஏறத்தாழ 5 லிட்டர். கல்லீரலினூடே நிமிடத்திற்குப் பாய்வது ஏறத்தாழ 1.5 லிட்டர். அதில் முக்கால் பங்கு குடற்பகுதியிலிருந்து வரும் சிரைவழி, எஞ்சியது தமனிவழி. இவ்விரண்டும் கல்லீரலுள் புகுமிடத்தை விரல்களால் அழுத்திக் குருதியை நிறுத்தலாம் என 1908இல் கிளாஸ்கோ மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் எழுதினார். இன்றும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது. பெரும்பாலும் 15 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்துவிடுவர். அப்போதும் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் கசியும். எனவே வெட்டி முடியும்வரை மயக்க மருத்துவர் சிரைவழிச் செலுத்தும் நீர்மத்தைக் குறைத்து, சிரையழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருப்பார்.

குருதி மிகுதியாக வெளியேறினால் எஞ்சிய கல்லீரலுக்கு உயிர்வளி குறைகின்றது. குருதியை உறையச் செய்யும் புரதங்களுள் பெரும்பாலானவற்றை ஆக்குவதும் அவ்வுறுப்பே. ஒரு பகுதியை வெட்டியபின் அவ்வாக்கமும் தளர்கின்றது. குருதியேற்றம் உயிர் காக்கும். ஆயினும் ஏற்றப்பட்டோரிடம் நோய்த்தொற்று முதலிய சிக்கல்கள் மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே 'தொடர்பு' வேறு, 'காரணம்' வேறு. பெரிய கட்டிக்கு நீண்ட அறுவை வேண்டும். அதில் குருதியும் மிகுதியாக வெளியேறும், தேறுவதும் தாமதமாகும். 'தொடர்புடையது' என்பதை 'விளைவிக்கும்' என்று மகள் மொழிபெயர்த்துவிட்டால், தாய் குருதியேற்றத்திற்கே அஞ்சி ஒப்புதல் மறுக்கக்கூடும்.

'இரத்தப்போக்கு' ஒரு நிகழ்வு; மாதவிடாயாகவும் சிலர் கொள்வர். 'குருதியிழப்பு' ஓர் அளவு: உறிஞ்சுகலத்தில் சேர்ந்ததை அளந்தும், ஒற்றியெடுத்த துணிகளை எடையிட்டும் மில்லிலிட்டரில் கணிப்பது. கலைச்சொல்லாக அது நன்று. ஆனால் 'இழப்பு' நம் வழக்கில் இறப்பையும் குறிக்கும் என்பதைக் கலைச்சொல் ஆக்குவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அறுவையறை வாயிலில் காத்திருப்போரிடம் 'இழப்பு மிகுதி' என்று தொடங்கினால், அடுத்த சொல் அவர்கள் செவியில் விழாது. 'அறுவை முடிந்தது, நோயாளி இருக்கிறார், இத்தனை மில்லிலிட்டர் குருதி வெளியேறியது' என்னும் வரிசையையே நாம் பரிந்துரைக்கிறோம்.