சரியான சொல் பிறகு வரட்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பிள்ளைகளிடம் அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் இந்த ஆர்வம் கொட்டிக் கிடக்கிறது. "நிலா ஏன் நம்ம கூடவே வருது?", "எறும்பு ஏன் வரிசையா போகுது?" என்று நம்மைத் துளைத்து எடுத்துவிடுகிறது. சிங்கப்பூரில் அறிவியல் தனிப்பாடமாகத் தொடங்குவது தொடக்கநிலை மூன்றில். தொடக்கநிலை ஆறின் முடிவில் தேசியத் தேர்வு. இந்த நான்கு ஆண்டுகளில் அந்தக் கேள்விகளெல்லாம் எங்கே போகின்றன? இதைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

ஒரு தேர்வுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பயிற்சித்தாள்களில் பலமுறை பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் வெளிப்பக்கத்தில் சற்று நேரத்தில் நீர்த்துளிகள் தோன்றுகின்றன. ஏன்? விடை இப்படி இருக்கவேண்டும்: சுற்றியுள்ள காற்றில் இருக்கும் வெப்பமான நீராவி, குவளையின் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளிகளாக மாறுகிறது. இதில் நீராவி, குளிர்ந்த பரப்பு, வெப்பத்தை இழத்தல் ஆகியவை முக்கியச் சொற்கள். ஒன்று விடுபட்டால் மதிப்பெண் போய்விடும் என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். துணைப்பாட வகுப்புகளில் இந்தச் சொற்களைப் பட்டியலிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். பிள்ளையும் மனப்பாடம் செய்துகொள்கிறது.

நான் பாடம் நடத்திய ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். ஒரு மாணவி இந்த விடையை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அவளிடம், "குவளையை இறுக்கமாக மூடிவிட்டால் வெளியே துளி வருமா?" என்று கேட்டேன். "வராது சார்" என்றாள். "ஏன் வராது?" "தண்ணீர்தான் வெளியே வர முடியாதே!" அதே வகுப்பில் ஒரு மாணவன், 'காற்றில் ஒளிந்திருந்த தண்ணீர் குவளையில் வந்து ஒட்டிக்கொண்டது' என்று எழுதியிருந்தான். தேர்வு என்று வந்தால் இவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. தண்ணீர் வேறு, நீராவி வேறு. அறிவியலில் சொல் துல்லியமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குவளையில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் அவன்தான். நன்றாக எழுதிய மாணவிக்குத் தெரிந்தது சொற்கள் மட்டும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அவள் கேள்வி கேட்பதற்கு முன்பே விடையை நாம் கையில் திணித்துவிட்டோம்.

தண்ணீர் உள்ளேயிருந்து கசிகிறது என்று பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. குளிர்ந்த பாட்டில் 'வியர்க்கிறது' என்று நாமே சொல்கிறோம். வியர்வை உள்ளிருந்து வருவதுதானே! அந்த எண்ணத்தைத் தவறு என்று சொல்லி அடிப்பதைவிட, சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். குளிர்ந்த நீரில் ரோஸ் சிரப்பைக் கலந்து ஊற்றுங்கள். "தண்ணீர் உள்ளேயிருந்து வந்தால் துளி என்ன நிறத்தில் இருக்கும்?" என்று கேளுங்கள். வெள்ளைத் தாளால் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பார்க்கட்டும். சிவப்பு இல்லை. சில பிள்ளைகள் அப்போதும் விடமாட்டார்கள். "கலர் வடிகட்டப்பட்டிருக்கும்" என்பார்கள். அருமையான வாதம்! அதையும் சோதிக்கலாம். மூடிய பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து, நன்றாகத் துடைத்து, சமையலறை மின்னியல் தராசில் வையுங்கள். கால் மணி நேரத்தில் எடை ஒன்றிரண்டு கிராம் கூடும். உள்ளேயிருந்து கசிந்திருந்தால் எடை கூடுமா? சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

எடை கூடியதைக் கண்ட பிள்ளை, "இது எங்கிருந்து வந்தது?" என்று தானே கேட்கும். 'நீராவி' என்ற சொல்லை அந்த நேரத்தில் கொடுங்கள். அந்தச் சொல் அதற்கு அப்போது தேவைப்படுகிறது.

வகுப்பறைச் சோதனைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பல சோதனைகள் சமையல் குறிப்பைப் போல இருக்கின்றன. இதை ஊற்று, அதைக் கலக்கு, கீழே உள்ள அட்டவணையை நிரப்பு. என்ன முடிவு வரவேண்டும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். சோதனைக்கு முன் 'என் ஊகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் கவனித்திருக்கிறேன், முடிவு வேறாக வந்தவுடன் பிள்ளைகள் ரப்பரை எடுத்து ஊகத்தை அழித்துவிட்டுச் சரியானதை எழுதிவிடுவார்கள். பத்து வயதில் அறிவியலில் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை இதுதான் என்றால் கவலைப்படவேண்டாமா? ஊகத்தைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். ஊகம் பொய்த்த இடத்துக்குப் பக்கத்தில், 'நான் எதிர்பார்க்காதது' என்று இன்னொரு வரி எழுதட்டும். மதிப்பெண் கொடுப்பதானால் நான் அந்த வரிக்குத்தான் கொடுப்பேன்.

இரண்டு ஐஸ்கட்டிகளை எடுங்கள். ஒன்றைத் துவாலையில் சுற்றுங்கள். மற்றதைத் திறந்து வையுங்கள். எது முதலில் கரையும்? துவாலை சூடு கொடுக்கும், அதனால் சுற்றி வைத்தது சீக்கிரம் கரையும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படியே சொல்வார்கள். பிரித்துப் பார்க்கும்போது துவாலைக்குள் இருப்பது பெரியதாக இருக்கும். துவாலை சூடு கொடுப்பதில்லை. வெளிச்சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. இதோடு நிறுத்தாமல், "வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்து யார் ஐஸ்கட்டியை அதிக நேரம் காப்பாற்றுகிறீர்கள், பார்க்கலாம்" என்று ஒரு போட்டி வையுங்கள். செய்தித்தாள், அரிசி, பஞ்சு, முட்டை அட்டை என்று என்னென்னவோ கொண்டுவருவார்கள். படைப்பாற்றல் என்று மேடையில் பெரிதாகப் பேசுகிறோமே, அது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பெரிய ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து, சாக்கு போட்டு மூடி விற்றதை அவர் சொல்வார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும்? நண்பகலில் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். நண்பகல் என்றால் 12 மணி. சரி, அளந்து பார்ப்போம். ஒரு சாப்ஸ்டிக்கைக் களிமண்ணில் செங்குத்தாக நட்டு, புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வைத்து, 11 மணியிலிருந்து 2 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைத் தாளில் குறித்துவரட்டும். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம். மேகத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்காது. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போகும். ஏறக்குறைய 1 மணிக்குத்தான் மிகக் குட்டையாகும். நவம்பர் தொடக்கத்தில் சற்று முன்னதாக 12.48 அளவிலும், பிப்ரவரி நடுவில் 1.19 அளவிலும் அது நடக்கும்.

இந்த இடத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? 'நான் தப்பாக அளந்துவிட்டேன்' என்று தாளைக் கசக்கும். அருகில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டிய நேரம் அதுதான். "உன் அளவு சரியென்றால், வேறு எது தப்பாக இருக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும். கடிகாரத்தில் வந்து நிற்கும். உண்மையில் நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. சிங்கப்பூர் இருப்பதோ 104 பாகைக்கு அருகில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். 16 பாகைக்கு 64 நிமிடம். கணக்குச் சரியாக வருகிறது அல்லவா? 1982 சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றுபட அரை மணி நேரத்தை முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. பாட்டிக்கு அந்த அரை மணி நேரம் நினைவிருக்கலாம். ஒரு சாப்ஸ்டிக் நிழல், பிள்ளையைப் புவியியலுக்கும் வரலாற்றுக்கும் கணக்குக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதோடு முடியவில்லை. ஜூன் விடுமுறையில் அந்த நேரத்து நிழல் தெற்கே விழும். டிசம்பர் விடுமுறையில் வடக்கே விழும். இருபது சென்டிமீட்டர்க் குச்சிக்கு ஜூன் பிற்பகுதியில் எட்டு சென்டிமீட்டர் நிழல். மார்ச் பிற்பகுதியில் ஒரு சில நாள்கள் நிழலே காணாமல் போகும். வெளிநாட்டுப் பாடநூல்களில் சூரியன் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும். நம் தலைக்கு மேல் அது இரு பக்கமும் போய் வருவதை, நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நம் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

சர் சி. வி. ராமனை நாம் பெருமையாகச் சொல்கிறோம். 1921ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் கேட்டார். வானத்தின் நீலத்தைக் கடல் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு என்ற பெரிய அறிஞர் ஏற்கெனவே விடை சொல்லியிருந்தார். ராமன் அதோடு திருப்தியடையவில்லை. கையிலிருந்த சிறு பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார், நீலம் போகவில்லை. அந்த வழியில் போய்த்தான் 1928ல் தம் கண்டுபிடிப்பை எட்டினார். 1930ல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் மதிப்பெண் வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரியவர் சொன்ன விடையைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிச்சலை எந்தப் பயிற்சித்தாளும் கொடுத்திருக்காது.

"எங்களுக்கு ஆங்கிலத்தில் அறிவியல் தெரியாதே" என்று பல தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. பள்ளியில் ஆங்கிலம் இருக்கட்டும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்கிறதே, குவளையில் நடந்ததும் அங்கே நடப்பதும் ஒன்றுதானா? இதைத் தமிழில் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். தமிழில் யோசித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் போகாது. பிள்ளை ஏதாவது கேட்டு உங்களுக்கு விடை தெரியாவிட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. "எனக்குத் தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் தேடுவதற்கு முன் ஐந்து நிமிடமாவது இருவரும் ஊகித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். கல்வி அமைச்சு 2005லேயே குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கவைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கநிலையிலும் உயர்நிலையிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முழுமையாக எடுக்கப்பட்டுவிட்டன. அப்படிக் கிடைத்த நேரத்தில் எவ்வளவு, இன்னொரு துணைப்பாட வகுப்புக்குப் போனது? அமைச்சு விட்டுக்கொடுத்த நேரத்தை நாம் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். துணைப்பாட வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தடுமாறும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். தொடக்கநிலை ஆறில், தேர்வு நெருங்கும் மாதங்களில், முக்கியச் சொற்களைப் பயிற்சி செய்யட்டும். தொடக்கநிலை மூன்றிலேயே அந்தப் பட்டியலைக் கையில் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நெறியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்போது ஸ்டுடியோவுக்கு வெளியே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அரங்கில் இருக்கும் பிள்ளைகள் போகும்போது பார்த்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குப் போனபின் பெற்றோர்களிடம் சொல்லுங்கள். உங்கள் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறேன்.