கணினியும் கைத்தறியும்



ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு என்னும் நெசவூரிலிருந்து வந்திருக்கும் என்னை, கணினித் துறையில் கை தேர்ந்த பலர் கூடியிருக்கும் இந்தச் சங்கத்தின் ஆண்டு விழாவில் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசப் பணித்த உங்கள் துணிச்சலை முதலில் பாராட்டுகிறேன். தாய்மார்கள் உடுத்தி வந்திருக்கும் பட்டுப் புடவைகளில் சில எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்தவையாக இருக்கலாம் என்று கரையைக் கண்ட மாத்திரத்தில் எனக்குத் தோன்றியது. ஆகவே முற்றிலும் அந்நியமான சபையில் நிற்கிறேன் என்ற கூச்சம் இல்லை.

எங்கள் ஊர்த் தறி வீடு ஒன்றில் நுழைந்தால், குழியில் கால் நீட்டி அமர்ந்து நெசவாளர் மிதியை அழுத்தும்போதெல்லாம், தலைக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டை ஒன்று தட்டிப் புரள்வதையும், துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்ப, இல்லாத இடத்தில் அது தாழ்ந்தே கிடக்க, நாடா குறுக்கே ஓடிக் கரையிலே மயில் ஒன்று அணுவணுவாக உருவாவதையும் காணலாம். பிரான்சு தேசத்தில் 1804-ஆம் ஆண்டையொட்டி ஜக்கார்டு என்பவர் அமைத்த தறியின் அட்டை முறையையே பின்னர் பாபேஜ் என்பவர் தம் கணக்கு யந்திரத்துக்கு வேண்டுமென்று கருதினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவரும் துளையிட்ட அட்டைகளையே கையாண்டார். இந்த வரலாற்றைச் சொல்லி நெசவாளரைக் கணினியின் பாட்டனார் என்று மேடைகளில் புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பாட்டனாருக்குக் கூலி மட்டும் உயரவில்லை. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 35 லட்சம் பேர்; நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருவாயில் காலம் தள்ளின.

இந்த அவலத்தைக் கண்டு இரங்கும் படித்த இளைஞர்கள், நெசவாளரையும் வாடிக்கையாளரையும் நேராக இணைத்துவிட்டால் இடைத்தரகு ஒழியும் என்ற நல்லெண்ணத்தோடு செல்பேசிச் செயலிகளைக் கொண்டு எங்கள் பக்கம் வருகிறார்கள். அவர்களுடைய நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு பாவுக்கு வேண்டிய பட்டையும் ஜரிகையையும் வாங்கும் முதல் கைவசம் இல்லாமையால், முதலாளி எடை போட்டுக் கொடுக்கும் நூலைப் பெற்று, நெய்த புடவையை எடை போட்டே திருப்பிக் கொடுத்து, குறைந்த எடைக்குக் கூலியில் பிடித்தம் போக மிஞ்சியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நெசவாளருக்கு விற்பதற்குப் புடவை ஏது? புடவை முதலாளியுடையது, அட்டையும் அவருடையது, அட்டைக்கு மூலமான சித்திரமும் இன்று அவருடைய கணினியிலே பூட்டிக் கிடக்கிறது. இந்த உடைமை முறையை அப்படியே விட்டுவிட்டு வாசலில் மட்டும் புதிய கடையைத் திறப்பதனால், ஏற்கெனவே முதல் படைத்தவருக்கே பிரயோஜனம் பெருகும் என்பது என் அபிப்பிராயம்.

வேறு விதமாகவும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்குப் புதுச்சேரியில் சான்று உண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களை ஏற்படுத்தியபோது, நிலையம் பொது இடத்தில் இருக்க வேண்டும், எந்தச் சாதியாரும் தடையின்றி உள்ளே வர இயல வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தது; பெண்களைக் கொண்டே பெரும்பாலான நிலையங்களை நடத்தியது. கணினி வாங்குவது சுலபம், அந்த நிபந்தனையை நிலைநாட்டுவதுதான் கடினம். இந்த நிலையங்களின் வழியே வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் எவ்வளவு என்ற செய்தி, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியிலே தமிழில் முழங்கியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வூர்த் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் செய்தி பரவி, சுமார் 500 குடும்பங்கள் உயிர் தப்பின. கடல் கடந்த தமிழருடைய குரல் ஊர்ப் பொதுச் சொத்தாகிய ஒரு கருவியின் வழியே ஒலித்தமையால் நேர்ந்த உபகாரம் இது. அந்தக் கருவி யாரோ ஒரு தனவந்தரின் மாடியில் இருந்திருந்தால் கதை என்னவாகியிருக்குமோ, நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே இந்தச் சங்கத்தாரிடம் நான் நன்கொடை கேட்க வரவில்லை. வேண்டுவது உங்கள் உழைப்பு. கட்டத் தாளில் வரைவதைப் போலவே கரைச் சித்திரத்தைத் தமிழ்க் கட்டளைகளைக் கொண்டே நெசவாளர் வரைய, அதை ஜக்கார்டு அட்டைக்கு உரிய வடிவில் மாற்றித் தரும் ஒரு நிரலைக் கட்டற்ற மென்பொருளாக எழுதிக் கொடுங்கள். வரைந்த சித்திரத்தின் மூலக்கோப்பு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொது உடைமையாக இருக்கட்டும். அதனோடு, வாங்கிய பட்டின் எடை, கொடுத்த புடவையின் எடை, பிடித்த தொகை ஆகியவற்றைச் செல்பேசியில் நெசவாளரே குறித்து வைக்கும் சிறு கணக்கேடும் வேண்டும். அதில் தறியில் அமர்பவர் பெயரோடு, தார் சுற்றும் மனைவியின் பெயருக்கும், பாவு பிணைக்கும் தாயின் பெயருக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள்; குடும்பமே உழைக்க, கூலிப் புத்தகத்தில் ஒரு பெயரே இருப்பது எங்கள் பக்கத்துப் பழைய குறை.

விடுமுறையில் ஊர் வருகிறவர்களில் இருவர் முள்ளிப்பட்டில் சில நாள் தங்கினால் போதும். தறி வீட்டுத் திண்ணையும் ஆரணி அரிசிச் சோறும் உண்டு. மின்சாரம் எப்போதேனும் போகும். அதனால் தறி நிற்காது, உங்கள் மடிக்கணினி நிற்கலாம்.