சுட்ட காயமும் சிறு குழந்தையும்

1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி எரிந்தது. மாண்டவர் 90-க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். ஆயினும் நேயர்களே, இன்று நாம் பேசப் புகுவது அத்தகைய பெருந்தீயைப் பற்றியன்று. நாளேடுகளில் இடம்பெறாத வீட்டு விபத்துக்களைப் பற்றியே.

பெங்களூரின் மார்கழிக் குளிரை நாம் அறிவோம். விடியற்காலையில் குளியலறையில் ஒரு வாளிக் கொதிநீர். விளாவுவதற்குத் தண்ணீர் எடுக்கத் தாய் திரும்புகிறாள். தவழும் குழந்தை வாளியைப் பற்றி எழுகிறது. ஊரிலானால் தூக்கிக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ இருப்பர். வேற்றூரில் அடுப்பையும் குழந்தையையும் ஒருத்தியே பார்த்தாக வேண்டும். 60 டிகிரி வெப்பமுள்ள நீர் பெரியவரின் தோலை ஆழமாகச் சுட ஐந்து விநாடி போதும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவும் வேண்டுவதில்லை.

அவ்வேளையில் முதற்கண் செய்யத்தக்கது ஒன்றே. சுட்ட இடத்தின்மேல் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடுமாறு பிடித்தல் வேண்டும். அலறும் குழந்தையை வைத்திருப்போருக்கு அஃது ஒரு யுகம், எனினும் குறைக்கலாகாது. மேல்தோல் ஆறிய பின்னும் உள்ளே தங்கிய வெப்பம் தன் அழிவு வேலையைத் தொடர்கிறது. உடனே செய்யத் தவறினாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்யின் பயனுண்டு. குழாயில் நீர் வராத நாளில் குடத்து நீரை மெல்ல ஊற்றலாம். பனிக்கட்டி கூடாது. காயமில்லாத உடற்பகுதியைப் போர்த்தி வைத்தல் வேண்டும். கைக்குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும். வளை, கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கலாகாது.

தண்ணீர் பட்டால் கொப்புளம் எழும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய அச்சம். கொப்புளத்தை எழுப்புவது வெப்பமே, நீரன்று. எழுதுமையைப் பூசிக்கொண்ட கையோடு பள்ளிக்குச் சென்றவர்கள் நம்முள்ளும் உண்டு! மை, பற்பசை, காப்பித்தூள் யாவும் காயத்தின் ஆழத்தை மருத்துவரின் கண்ணுக்கு மறைப்பன. அவற்றைக் கழுவியெடுக்கும்போது குழந்தை மீண்டும் ஒருமுறை துடிக்கிறது.

குழந்தையின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து அதன் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அத்தகைய பத்துக் கையளவு வெந்திருப்பின் உடல்நீர் குன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றுதல் வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் பட்ட காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்கலாம். பெங்களூர் விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே மகாபோதி பிரிவு உள்ளது. கன்னடம் வாராதே என்று தயங்க வேண்டா; நம் ‘சுட்ட காயம்’ அங்கும் ‘சுட்ட காய’ என்றே வழங்குகிறது.

புண் ஆறியதும் தோல் மூடிவிட்டதென்று மகிழ்ந்து, சிகிச்சையை நிறுத்தி ஊருக்குப் புறப்படுவோர் உண்டு. ஆழ்ந்த காயத்தின் வடுவோ அதன் பின்னரும் பல மாதம் சுருங்கிக்கொண்டிருக்கும். குழந்தை வளர்கிறது; வடு அதற்கேற்ப வளர்வதில்லை. ஆதலின் அழுத்த உடை, இரவில் விரலை நிமிர்த்தி வைக்கும் பட்டை, நாள்தோறும் நீட்டி மடக்கும் பயிற்சி ஆகியவற்றை மருத்துவர் போதுமென்று சொல்லும் வரை விடலாகாது. ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். குழந்தை அழுகிறதே என்று இன்று நிறுத்திய பயிற்சியால் மடங்கிப்போகும் விரல், பள்ளிக்குச் செல்லும் வயதில் பென்சிலைப் பிடிக்க மாட்டாது.